கழட்டுனா தடுமாறோணும்

ஆஃப் பண்ணிராதீங்க சார். ஓடட்டும், அப்படியே ஓடட்டும். ஓடறப்பத்தான் அதோட வியாதி தெரியும், நிறுத்திப்போட்டா எல்லா வண்டியும் நல்ல வண்டிதானுங்க. எறங்கி வாங்க, இந்த ஸ்டூல்ல உக்காருங்க. ஆயில் இல்லீங்க, பயப்படாதீங்க, டெய்லி காலைல தொடச்சுத்தான் வெக்கறேன். ஆரு வந்தாலும் வராட்டியும் தொடச்சு வெச்சர்றது.

ஓசூரு வண்டியாட்ட இருக்குது, நம்பரைப் பாத்தேன். கோயமுத்தூருக்கா போறீங்க? கல்யாணத்துக்கா, சரி சரி. ஏனுங்க, வர்ற வழியில எத்தனை ஒர்க்ஷாப்பு இருக்குது, சேலத்துலயே தெருவுக்கு நாலு கெடக்குது. அத்தனையும் தாண்டி, சங்ககிரில பைபாஸை விட்டு எறங்கி, இந்தச் சந்துக்குள்ள என்ற கடையைத் தேடிப் புடிச்சிருக்கீங்க. ஆராச்சும் சொல்லி வந்தீங்களா? அப்படித்தான் இருக்கும். சென்னியப்பன் நாசில் ஒர்க்ஸுன்னா லாரிக்காரங்க வடக்க நாக்பூர் வரைக்கும் சொல்லுவாங்க. சொல்லிட்டிருந்தாங்க. இப்ப எல்லாம் ஷோரூம்ல கொண்டுபோய் விடறாங்க, அது வேற கதை.

என்ன கம்ப்ளெய்ண்டுன்னீங்க? மறுக்காச் சொல்லுங்க.

மூணு கால்ல நொண்டுதா! அட, இந்தப் பேச்சை எங்க புடிச்சீங்க சார்? உங்களாட்டம் பேண்ட் சட்டை போட்டு வர்றவங்க வைப்ரேஷன்பாங்க, மிஸ்ஸிங்கும்பாங்க. மூணு கால்ல நொண்டுதுன்னு என்ற ஊட்டுக்காரி ஒருத்திதான் சொல்லுவா. நாலு சிலிண்டர்ல ஒண்ணுக்கு டீசல் ஒழுங்காப் போகலைன்னு வெச்சுக்கங்க, நான் பானட்டைத் தொறக்கறதுக்கு முந்தியே, "ஏனுங், இது மூணு கால்ல நொண்டுதுங்"ம்பா. ஓசூர்லயும் அப்படித்தான் சொல்றாங்களாட்ட இருக்குது. பரவால்லீங்க, நல்ல பேச்சுதான்.

எப்ப நொண்டுது? காலைல எடுக்கறப்பவா? மேடு ஏறறப்பவா? இப்பத்தான சார் காலைலன்னீங்க. சரி, ரெண்டுலயும்னு வெச்சுக்குவோம். வண்டிக்காரங்களைக் கேட்டா பாதி சொல்லுவாங்க, பாதி முழுங்குவாங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், டெஸ்ட் சொல்லிப்போடும்.

இங்க வந்து பாருங்க. நெம்பக் கிட்ட வேண்டாம், அந்தக் கம்பி பைப்பைத் தொட்றாதீங்க, அதுல போற பிரஷருக்கு டீசல் தோலையே தொளைச்சுப்போடும். இதா, வரிசையா நாலு நிக்குது பாருங்க, இதுதான் இன்ஜெக்டர். டீசலைப் பூவாட்டம் அடிச்சு உள்ள விடறது இதோட வேலை. ஒவ்வொண்ணு தலைலயும் ஒரு ஒயரு மாட்டியிருக்குதல்ல, அது பேரு கப்ளர். இப்ப நான் மொதல் கப்ளரைக் கழட்டறேன். காதை வெச்சுக் கேளுங்க.

கேட்டீங்களா? ஒடம்பே ஒருக்கா குலுங்குச்சு பாருங்க. மாட்டிட்டேன், இப்ப சரியாயிருச்சு. அவ்வளவுதான் டெஸ்ட்டு. கழட்டுனா தடுமாறோணும். தடுமாறுச்சுன்னா அது நல்ல இன்ஜெக்டர், இத்தன நேரம் வேலை செஞ்சிட்டிருந்துச்சுன்னு அர்த்தம். எதைக் கழட்டியும் இன்ஜின் கண்டுக்காம ஓடுதோ, அதுதான் செத்துப்போனது. கழட்டுன அந்த நொடியே தெரிஞ்சு போகும், காத்துட்டு நிக்கவே வேண்டியதில்லை.

பாக்கி மூணையும் பாக்கலாம், சித்தெ இருங்க. அவசரமில்லையே? கல்யாணம் நாளைக்குத்தானே. அப்பறம் என்னங்க, உக்காருங்க.

சுத்திச் சுத்திப் பாக்கறீங்க, வண்டியே இல்லைன்னுதானே? இன்னைக்குக் கொஞ்சம் சும்மா இருக்குது. நேத்தைக்கு வந்திருக்கோணும் நீங்க, கால் வெக்க எடமில்லை. நேத்தைக்கில்ல, அதுக்கு முந்தி. வேலைக்கு ஒண்ணும் கொறச்சலில்லீங்க, அதனாலதான் என்னால ஒரு பக்கமும் நகர முடியறதில்லை.

என்ற ஊட்டுக்காரியும் ஓசூர்லதானுங்க இருக்கறா. பொண்ணு ஊட்டுல. பேரு சம்பூர்ணம். பொண்ணு பேரு பிரதீபா, அங்க ஒரு கம்பெனில வேலை, மாப்பிள்ளைக்கும் அங்கதான். அதென்ன, பெரிய ஊரு, நீங்க எங்க பாத்திருக்கப் போறீங்க. தண்ணி வேணுங்களா? தொண்டையைச் செருமறீங்களேன்னு கேட்டேன்.

மொதப் பிரசவத்துக்குப் பொண்ணு பொறந்த ஊட்டுக்குத்தானே வரோணும்? நீங்களே சொல்லுங்க. எங்கூர்ல டாக்டர் இல்லையா, ஆஸ்பத்திரி இல்லையா? நான் ஊட்டை ஒழுங்கு பண்ணி, கட்டில் வாங்கிப் போட்டு, கொசுவலை எல்லாம் வாங்கி வெச்சேன். கடைசில பொண்ணு சொல்லுது, "அப்பா, எனக்கு இங்கத்த டாக்டர்தான் பழக்கம், அம்மாவை அனுப்பி வையுங்க"ன்னு. அம்மாவை அனுப்பி வையின்னா என்ன அர்த்தம்? கூரியர்ல வெக்கறாப்பலயா? சரின்னு அனுப்பி வெச்சேன். புரட்டாசில போனவ.

கொழந்தை பொறந்தன்னைக்கு நானும் போனேனுங்க. பொண்ணு கொழந்தை. பாத்துட்டு, ஒரு காப்பி குடிச்சுட்டு, அடுத்த பஸ்ஸுல வந்துட்டேன். பொண்ணைக் குடுத்த ஊட்டுல போய் உக்காந்து சோறு திங்கறதுங்கறது எங்க பக்கத்துல மரியாதையில்லீங்க. எங்கப்பனும் அப்படித்தான் இருந்தாரு. மாப்பிள்ளை நல்ல பையன்தான், "மாமா இருங்க, இருங்க"ன்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தான். இருக்க முடியுங்களா? கடையை ஆரு பாக்கறது.

ரெண்டாவது கப்ளரைப் பாத்தர்லாம். காதைத் தீட்டிக்கங்க. இதா, கழட்டறேன். பாத்தீங்களா, தடுமாறுது. இதுவும் நல்லதுதான். மாட்டியாச்சு.

என்ன சார், நான் கண்ணைக் கண்ணை இடுக்கறனா? கண்ணாடி இருக்குதுங்க, எங்கியோ வெச்சுட்டேன். அவ இருந்தப்ப அது எப்பவும் இந்த ஆணில தொங்கும். இப்ப ஆணி இருக்குது, கண்ணாடியைத்தான் காணோம். அதுக்கென்ன, காது இருந்தாப் போதும் எனக்கு.

எங்க விட்டேன்? தை நோம்பிக்கு வர்றேன்னா. பொங்கலுக்குங்க. நானும் நம்பி ஊட்டுக்கு வெள்ளை அடிச்சேன். காப்புக் கட்டறதுக்குப் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பந்தழை எல்லாம் ஏரிக்கரை வரைக்கும் போய் நானே ஒடிச்சுட்டு வந்து வெச்சேன். வாசல்ல சொருகறது அவ வேலை, எனக்கு அந்தக் கட்டு நிக்காது. அன்னைக்குக் காலைல போன் பண்றா. கொழந்தைக்குச் சளியாம், காய்ச்சலாம், பச்சைக் கொழந்தையைத் தூக்கிட்டு பஸ்ஸுல வர முடியாதாம். நான் என்ன சொன்னேங்கறீங்க? ஒண்ணும் பெருசாச் சொல்லலை. "வந்தா வா, வராட்டி அங்கயே இருந்துக்கோ"ன்னேன். சாதாரணமாத்தான் சொன்னேன், சத்தம்கூடப் போடலை. பக்கத்து டயர் கடைக்காரன் வெளிய வந்து எட்டிப் பாத்தான், அவன் எதுக்கெடுத்தாலும் எட்டிப் பாக்கறவன்.

பொங்கல் வெக்கலீங்க. ஒத்தை ஆளுக்கு என்ன பொங்கல். டீக்கடைல ரெண்டு பன்னு வாங்கித் தின்னுட்டு, இதா, இந்த ஸ்டூல்லதான் உக்காந்திருந்தேன். ரோட்டுல பூரா சனம், புதுத்துணி போட்டுக்கிட்டுப் போகுது, வருது. அப்பத்தான் ஒரு ரோசனை வந்துச்சு. தெனமும் வெளக்கு வெக்கற நேரத்துக்கு நாந்தானே அவளைக் கூப்படறேன்? சாப்ட்டியா, கொழந்தை தூங்குச்சா, மொழங்கால் வலி எப்படி இருக்குதுன்னு நாந்தானே கேக்கறேன்? ஒருக்கா கழட்டிப் பாத்தா என்ன? நான் கூப்படாம இருந்தா அந்தப்பக்கம் தடுமாறுதா, கண்டுக்காம ஓடுதான்னு தெரிஞ்சு போயிருமல்ல. இன்ஜினுக்குப் பண்றதுதானே, மனுசருக்குப் பண்ணா என்ன தப்பு?

கழட்டிப்போட்டேன். அன்னையில இருந்து போன் பண்ணலை.

அவ கூப்பிட்டாளான்னு கேக்கறீங்களா? கூப்பிட்டா. இல்லைங்கலை. மொத ரெண்டு மூணு நாளு கூப்பிட்டுட்டே இருந்தா. நான் எடுக்கலை, கை ஆயிலா இருந்துச்சு. அது கணக்குல வராதுங்க. மொத நடுக்கத்தை வெச்சு முடிவு பண்ணலாமா? மனுசருக்குச் சித்தெ விட்டுத்தான் பாக்கோணும். அதே மாதிரி அப்பறம் அவ கூப்படறதை விட்டுட்டா பாருங்க. அப்ப என்ன அர்த்தம்? நான் இல்லாமயே நாலு காலுலயும் ஜம்முனு ஓடறான்னுதானே அர்த்தம்? மாசி போச்சு, பங்குனி போச்சு, சித்திரையும் வந்துருச்சு. ஒரு சத்தமில்லை.

பொண்ணு கூப்பிட்டா எடுப்பேனுங்க. "அப்பா, அம்மா வந்து..."ன்னு ஆரம்பிக்கும். "அம்மா பேச்சு வேண்டாங் கண்ணு, நீ எப்படி இருக்கறே"ம்பேன். அதுவும் மூக்கை மூக்கை உறிஞ்சிட்டே வெச்சர்றது. ஓசூர்க் குளிர் அதுக்கு ஆகாது, சின்னதுல இருந்தே சளி ஒடம்பு.

மூணாவது. கழட்டறேன். ம்... தடுமாறுது. நாலாவது. இதுவுமா? அட, இதுவும் குலுங்குதே. நாலும் நல்லாருக்குதுங்களே சார். நொண்டுதுன்னீங்க?

என்னது, அப்பக் கெளம்பறேன்னா? எங்க கெளம்பறீங்க? உக்காருங்க சார். கோளாறைக் கண்டுபுடிக்காம அனுப்பி வெச்சா அப்பறம் நாங்கெல்லாம் எதுக்கு இங்க கடை போட்டு உக்காந்திருக்கறது? இது மொத டெஸ்ட்டு. இதுல தப்பிச்சுட்டு ரெண்டாவதுல மாட்டற இன்ஜெக்டர் எத்தனையோ இருக்குது. வெளிய பாத்தா நல்லா வேலை செய்யற மாதிரி இருக்கும், உள்ளுக்குள்ள கசிஞ்சுட்டிருக்கும். பாட்டில் கட்டிப் பாத்தாத்தான் தெரியும்.

வாங்கக்கா, வாங்க. அந்த பெஞ்சு மேல வெச்சுட்டுப் போங்க. ஆமாங்க, கஸ்டமரு, ஓசூரு. இல்லைக்கா, சாப்பட்றேன், சூடு ஆறட்டும்.

இவங்க முக்குல மெஸ்ஸு வெச்சிருக்கறவங்க, ரங்கநாயகியக்கா. முந்தியெல்லாம் நான்தான் போய்ச் சாப்ட்டுட்டு வருவேன். தை மாசத்துல இருந்து அவங்களே நேரந் தவறாம தூக்குப்போசில கொண்டாந்து வெச்சர்றாங்க. காசு வாங்கிக்கங்கன்னா, "மாசக் கடைசில பாத்துக்கலாங்"கறாங்க, மாசக் கடைசியே வர மாட்டேங்குது. என்ன அதிசயம்னா, எனக்குக் கத்திரிக்கா ஆகாது, தின்னா அரிப்பெடுக்கும். இதுவரைக்கும் ஒருநாள்கூட அந்தம்மா கத்திரிக்கா வெச்சதில்லை. வெசாலக்கெழமை ஆனா, வியாழனுங்க, கொள்ளுப் பருப்பு. எங்கூட்லயும் வெசாலக்கெழமை கொள்ளுதான். கைப்பக்குவம்கூட அதே பக்குவம். எப்படித்தான் தெரியுமோ, சில பேருக்கு ஆளைப் பாத்தாலே தெரிஞ்சுரும்போல.

பாருங்க, போன் பேசிட்டே போறாங்க. "வாங்கிட்டாருங், மொகம் தெளிவாத்தான் இருக்குது"ங்கறாங்க. அவங்க ஊட்டுக்காரர்கிட்டயா இருக்கும். தெனமும் இதே கூத்துதான், போசியை வெச்ச ஒடனே போனை எடுத்துருவாங்க. நீங்க ஏன் சார் தலையைக் குனிஞ்சுட்டீங்க?

சரி, டெஸ்ட்டுக்கு வருவோம். பைப்பு கழட்டோணும், இப்ப மட்டும் சித்தெ ஆஃப் பண்ணுங்க. இன்ஜெக்டருக்குள்ள போற டீசல்ல மிச்சம் மீதி கொஞ்சம் ரிட்டன்ல திரும்பி வரும். அந்த ரிட்டன் பைப்பைக் கழட்டிப்போட்டு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு டியூப்பு, டியூப்புக்கு ஒரு பாட்டிலு. இதா, நாலு பாட்டில். வண்டியை ஓட விட்டா நாலுலயும் சொட்டுச் சொட்டா டீசல் சேரும். நாலும் ஒரே மட்டம் இருந்தா நல்லது. ஒண்ணுல மட்டும் மளமளன்னு ஏறுச்சுன்னா, அந்த இன்ஜெக்டர் உள்ள நிக்க வெக்க முடியாம திருப்பி விட்டுட்டே இருக்குதுன்னு அர்த்தம்.

இதுக்கு ரெண்டு ஆளு வேணுங்க. ஒருத்தர் பாட்டிலைப் பாக்கோணும், ஒருத்தர் உள்ள உக்காந்து ஆக்ஸிலேட்டரை ஒரே மாதிரி மிதிச்சுட்டே இருக்கோணும். தயவுபண்ணி நீங்கதான் உக்காரோணும். ஆமா, வண்டிக்குச் சொந்தக்காரரையே வேலை வாங்கறேன், என்ன பண்றது. ஸ்டார்ட் பண்ணுங்க. கொஞ்சமா மிதிங்க. போதும் போதும்! அப்படியே வெச்சிருங்க. ஏறுது பாருங்க... எறங்குது... சார், பஸ்ஸு ஓட்டறாப்பல மிதிக்கறீங்களே.

சம்பூர்ணம் மிதிச்சா மீட்டர் முள்ளு அசையாதுங்க. வண்டி ஓட்டத் தெரியாது அவளுக்கு, சைக்கிள்கூடத் தெரியாது. ஆனா சீட்டுல உக்காந்து காலை வெச்சா வெச்ச எடத்துல நிக்கும். மடியில முறத்தை வெச்சுப் பூண்டு உரிச்சுட்டே மிதிப்பா. ஒரு லாரிக்காரன், வண்டியை எடுத்துட்டுப் போயிப்போட்டுத் திரும்பி வந்து சண்டை போட்டான், "என்னண்ணா, சீட்டெல்லாம் பூண்டுத் தோலு, நாத்தம் தாங்கலை"ன்னு. நான் சிரிக்கறேன், அவளும் சிரிக்கறா, அவனுக்குக் கோவமா வருது. டீ ரெண்டு, வடை ரெண்டுன்னு வாங்கிக் குடுத்துச் சமாதானம் பண்ணி அனுப்பி வெச்சோம். அப்பெல்லாம் கடைல இன்ஜின் நின்னாலும் பேச்சு நிக்காது. இப்ப இன்ஜினை நிறுத்துனா எனக்குக் காது வலிக்குதுங்க. நெசமாத்தான் சொல்றேன். அதுதான் உங்க வண்டியை ஓட விடுங்க, ஓட விடுங்கன்னது. டெஸ்ட்டுக்கு மட்டுமில்லை.

போதுங்க, ஆஃப் பண்ணிருங்க. பாட்டிலைப் பாக்கலாம். ஒண்ணு, ரெண்டு, மூணு... நாலும் ஒரே மட்டம். நூலு புடிச்சாப்பல நிக்குது. சொட்டு வித்தியாசம் இல்லை.

ஒரு பக்கம் சந்தோசம்தான், ஆனா நொண்டுதுன்னு நீங்க சொன்னீங்களே. பொய்யா சொல்லப் போறீங்க? காலைல இருந்து பச்சத் தண்ணிகூடக் குடிக்காம என்ற முன்னால உக்காந்து கேட்டுட்டிருக்கறீங்க, உங்களைச் சும்மா அனுப்ப எனக்கு மனசு வருமா? நாலையும் வெளிய எடுத்தர்லாம். எடுத்து அந்த மிஷின்ல மாட்டி அடிச்சுப் பாத்தா, புகையாட்டம் விரியுதா, சொட்டுதான்னு கண்ணாலயே பாத்தர்லாம். பொழுதோட ஆயிரும், ஆனா ஒரு சந்தேகம் மிச்சம் இருக்காது. சாப்பாட்டை ரெண்டா வெச்சுக்குவோம், அந்தம்மா எப்பவும் அதிகமாத்தான் வெப்பாங்க. அந்த ஸ்பானரை எடுங்க. அதில்லை, பக்கத்துல இருக்குதே, அது.

என்னங்க, என்ற கையைப் புடிக்கறீங்க? விடுங்க, ஆயிலு உங்க சட்டையில ஆகப்போகுது.

வேண்டாமா? ஏன் வேண்டாம்? கோளாறே இல்லையா? நல்ல வண்டின்னு உங்களுக்கே தெரியுமா? பின்ன எதுக்கு நொண்டுதுன்னீங்க?

அப்படிச் சொல்லச் சொன்னாங்களா. எவங்க சொல்லச் சொன்னாங்க?

மேல் ஊட்டுல குடியிருக்கறீங்களா? பிரதீபா ஊட்டுக்கு மேலயா?

இருங்க. சித்தெ இருங்க தம்பி, நான் உக்காந்துக்கறேன். அந்த ஸ்டூலை இப்படித் தள்ளுங்க.

கொழந்தைக்குப் பல்லு மொளைச்சிருச்சுங்களா? கீழ ரெண்டா? கவுந்துக்குதா? தவழ்ந்துட்டு வாசல் வரைக்கும் வந்துருதா! அட சாமி. ஆரைப்போல இருக்குது? இல்ல, வேண்டாம், சொல்லாதீங்க. சொல்லுங்க. என்ற மூக்கா? பாவம், பொண்ணுக்கு இந்த மூக்கா வரோணும்.

சம்பூர்ணம் என்ன சொல்லி அனுப்புனா? ஒண்ணு விடாமச் சொல்லுங்க. "கண்ணாடி போட்டு வேலை செய்யறாரான்னு பாருங்க." ம். "எளைச்சிருக்காரான்னு பாருங்க." ம். "ஊட்டு விசயம்னு போனா எந்திரிச்சுப் போயிருவாரு. வண்டில கோளாறுன்னு போங்க, அப்பத்தான் வாயைத் தொறப்பாரு." அப்படியே சொன்னாளா? அதே வார்த்தையா? மூணு கால்ல நொண்டுதுன்னு சொல்லுங்க, இன்னும் கொஞ்சம் நேரம் கூடப் பேசுவாருன்னாளா?

அப்ப தடுமாறியிருக்கறா! பாத்தீங்களா, நான் சொன்னனல்ல? இத்தன நாளா அமுத்தி அமுத்தி வெச்சிருந்திருக்கறா, கடைசில அவதானே ஆளு அனுப்புனா? நான் ஒரு போன்கூடப் பண்ணலையே, நான் கழட்டுனவன் கழட்டுனவனாத்தானே இருந்தேன்...

மெஸ்ஸுக்கார அக்காவா? அவங்களுக்குப் பணம் அனுப்பறதும் இவளா? தெனமும் அவங்க பேசறது இவகிட்டயா? தை மாசத்துல இருந்தா?

தம்பி, இந்த ரிட்டன் பைப்பு கிளிப்பை நீங்க மாட்டுங்க. எனக்கு உள்ள போக மாட்டேங்குது. கண்ணாடி இல்லாததால இல்லீங்க. அழுத்துங்க, டக்குன்னு ஒரு சத்தம் வரும். வந்துச்சா? அவ்வளவுதான்.

வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பாங்கறீங்க. வந்தா வான்னு சொன்னனே. ஆமா, வராட்டி இருந்துக்கோன்னும் சொன்னேன். அதுதான் உறுத்திட்டே இருக்குதா அவளுக்கு. நான் எதையோ வாய்க்கு வந்ததைச் சொல்லுவேன், முப்பது வருசமா அதைக் காதுல போட்டுக்கவே மாட்டா. இதை மட்டும் புடிச்சுக்கிட்டாளா? இப்ப வரச் சொன்னாலும் முடியாதா? பொண்ணு லீவு முடிஞ்சு வேலைக்குப் போயிருச்சா, கொழந்தையை ஆருகிட்ட விடறதா. அதுவும் சரிதான். அதுக்கு என்ன பண்ண முடியும்.

நானா? நான் எப்படி வர்றது? கடை... நீங்களே பாத்துட்டீங்க கடையை, இதுல எதை மறைக்கறது. அதில்லை தம்பி, பொண்ணைக் குடுத்த ஊட்டுல போய் எப்படி... எங்கப்பன் இருந்தவரைக்கும் ஒரு வாய்... அவரு அப்படியே இருந்து செத்தாரு. சாகறப்ப எங்கக்கா ஊட்டுல இருந்து ஆரும் பக்கத்துல இல்லை. நாளான்னைக்குத் திரும்பறப்ப வண்டியிலயே ஏத்திட்டுப் போறீங்களா? முன்னாடி சீட்டு காலியாத்தான் வருதா? வேண்டாம் தம்பி, நான் சும்மா வந்து நின்னா அவளுக்கு என்னமோ ஏதோன்னு ஆயிரும். கேட்டுட்டுத்தான் வரோணும்.

போன் போடறீங்களா? இப்பவேவா? என்ற போன் ரேக்குல இருக்குது, சாமி படத்துக்குக் கீழ... உங்க போன்லயா? அடிச்சிருச்சா? இருங்க, இருங்க, வேஸ்ட் துணி எங்க போச்சு, கை பூரா ஆயிலா இருக்குதுங்க.

எடுத்துட்டாளா?

பரவால்லீங்க. ஆயிலா இருந்தா என்ன. குடுங்க.

அம்மிணி... நாந்தான்... ஆமா, நாந்தான் பேசறேன். வண்டிக்கு ஒண்ணுமில்லை, நல்ல வண்டி... இல்ல, இன்னும் சாப்படலை... அழுவாத. ஏ, அழுவாத, தம்பி பாக்கறாரு... ஒண்ணு கேக்கட்டுமா? நான் அங்க வரட்டுமா?